திரும்பி வர யார் கப்பல் ஏறுவார்?

ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஜன்னல் சட்டத்தில் வைத்து லேசாக அழுத்தினால் போதும். மரம் நல்லதாக இருந்தால் முனை வழுக்கிக்கொண்டு போகும். கறையான் புகுந்த மரமாக இருந்தால் அப்பளத்தைக் குத்தியதுபோல் பொசுக்கென்று உள்ளே இறங்கிவிடும். வெளியே பெயிண்ட் தோல்போல நிற்கும். உள்ளே மரம் இருந்த இடத்தில் மண் அப்பிய அறைகளும், வெளிச்சம் பட்டதும் சிதறி ஓடும் வெள்ளைப் பூச்சிகளும் இருக்கும். பல மாதங்களாக நடந்த வேலை அது. வீட்டுக்காரருக்குத் தெரிய வருவது அன்றைக்குத்தான்.

இது சென்னையில் நடந்தால் அரை மணி நேரத்தில் நாலு கம்பெனிக்குப் போன் போடலாம். கட்சாலில் நடந்தால்?

நிக்கோபார் தீவுக் கூட்டத்தின் நடுவில், சுமார் 174 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு கட்சால். போர்ட் பிளேருக்கு (2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட ஊர்) தெற்கே நானூறு கிலோமீட்டருக்கு மேல் கடல் தாண்டி இருக்கிறது. நிக்கோபாரி மக்களின் மண். அவர்களோடு தமிழர்களும் அங்கே வாழ்கிறார்கள். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் ஒரு பகுதி, கட்சாலின் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டக் குடியமர்த்தப்பட்டது. 2004 சுனாமி இந்தத் தீவை உருக்குலைத்துவிட்டது. 2001 கணக்கெடுப்பில் 5,312 பேர் இருந்த இடத்தில் 2011இல் 2,685 பேர்தான் இருந்தார்கள். அதற்குப் பிறகு தகரக் கொட்டகைகளில் காத்திருந்து, புது வீடுகளுக்குக் குடிபோய், கொஞ்சம் கொஞ்சமாக மரச்சாமான் சேர்த்த குடும்பங்கள் இவை. இங்கே ஒரு கதவை இழப்பது, வேறு ஊரில் ஒரு கதவை இழப்பது போன்றதல்ல. மாற்றுப் பலகையும் கப்பலில்தான் வர வேண்டும்.

கறையானுக்குக் கட்சால் ஏன் பிடிக்கிறது என்பது விளங்க அதிக நேரம் ஆகாது. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டரை ஒட்டிய மழை, குளிரே இல்லாத வெப்பம், ஈரம் காயாத மண். போதாததற்கு ரப்பர். பழைய மரங்களின் அடிக்கட்டைகளும் வேர்களும் மண்ணுக்குள் கிடந்து மக்கும்போது அவையே கறையானுக்குக் களஞ்சியம். ரப்பர் பலகையோ, கறையானுக்கும் துளைக்கும் வண்டுக்கும் சட்டென்று இரையாகும் மரங்களில் ஒன்று. அறுத்த உடனே போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் பதப்படுத்தாவிட்டால் நிலைக்காது. பதப்படுத்தினாலும் மழை படும் இடத்தில் வைத்தால் அந்த மருந்து கரைந்து போய்விடும். அந்தமானுக்கே உரிய படாக் மரத்தின் வைரம் கறையானைத் தாங்கும். ஆனால் எல்லா வீட்டு ஜன்னலும் படாக்கில் செய்யப்படுவதில்லை.

மலையகத்திலிருந்து வந்தவர்களுக்கு இந்தப் பூச்சி புதிதல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உயிருள்ள தேயிலைச் செடியையே உள்ளிருந்து குடைந்து தின்னும் கறையான் வகைகள் உண்டு. மலைநாட்டுக்கு ஒரு வகை, தாழ்நாட்டுக்கு ஒரு வகை. மண்ணில் புற்று கட்டாமல் மரத்துக்குள்ளேயே குடும்பம் நடத்தும் சாதி அவை. இந்த வேறுபாட்டைத் தெரிந்து வைத்திருப்பதுதான் கம்பெனிக்காரரிடம் பேசுவதற்கு முதல் படி.

மண் கறையான் தரையிலிருந்து வருகிறது. சுவரில் பென்சில் கனத்துக்கு மண் கோடு இழுத்து, அந்தக் குழாய்க்குள்ளேயே ஏறி இறங்கும். உலர்மரக் கறையானுக்கு மண்ணே வேண்டாம். அது அலமாரிக்குள், கட்டில் காலுக்குள், உத்தரத்துக்குள் சிறு குடும்பமாக இருக்கும். அடையாளம், கீழே கொட்டிக் கிடக்கும் எச்சம். விரலில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் கசகசா அளவு. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொன்றும் ஆறு பட்டை கொண்டது. தரையைத் துளைத்து மண்ணுக்கு மருந்து விட்டால் முதல் வகைதான் அடங்கும். இரண்டாவது வகைக்கு அந்த வேலையால் ஒரு பயனும் இல்லை. பார்க்க வரும் ஆள் டார்ச் அடித்து, மரத்தைத் தட்டி, எச்சத்தைத் தேடி, எந்தக் கறையான் என்று சொல்லாமல் நேராக 'சதுர அடிக்கு இவ்வளவு' என்று விலை சொன்னால், அவரிடம் வேலை கொடுக்க யோசிக்க வேண்டும்.

இந்தியாவில் பூச்சி மருந்து அடிக்கும் தொழிலை யார் வேண்டுமானாலும் செய்துவிட முடியாது. 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிகள் சட்டமும், 1971ஆம் ஆண்டின் விதிகளும் அதற்கு உரிமம் கேட்கின்றன. விவசாயப் பட்டமோ, வேதியியல் படித்த அறிவியல் பட்டமோ உள்ள ஒருவர் கம்பெனியில் இருக்க வேண்டும். அவர் மைசூரு உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம், ஹாப்பூர் தானியச் சேமிப்பு நிறுவனம், ஹைதராபாத் தாவர நல மேலாண்மை நிறுவனம் போன்ற இடமொன்றில் குறைந்தது 15 நாள் பயிற்சி பெற்ற சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். உரிமத்தின் நகலைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. உரிமத்தில் உள்ள பெயரும் முகவரியும், பில்லில் வரும் பெயரும், உத்தரவாதத் தாளில் உள்ள முத்திரையும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மூன்றும் மூன்று பெயராக இருந்தால், நாளைக்குக் குறை வந்தபோது யாரைப் பிடிப்பது?

அடுத்தது மருந்து. டப்பா சீல் உடையாமல் வீட்டுக்காரர் முன்னால் திறக்கப்பட வேண்டும். லேபிளில் மருந்தின் பெயர், சதவீதம், பதிவு எண், காலாவதித் தேதி இருக்கும். ஒரு காலத்தில் ஆல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் என்று மண்ணில் பல்லாண்டு கிடக்கும் மருந்துகளை அடித்தார்கள். அவை 1990களில் தடை செய்யப்பட்டன. லிண்டேன் 2013இல் நின்றது. பழைய வீடுகளில் 'இருபது வருஷம் கறையான் எட்டிப் பார்க்கலை' என்று பெரியவர்கள் சொல்வது அந்த மருந்துகளின் காலம். இன்றைக்குப் புழக்கத்தில் இருப்பவை குளோர்பைரிபாஸ், இமிடாகுளோப்ரிட், பைபென்த்ரின் போன்றவை. அவற்றிலும் குளோர்பைரிபாஸை 2025 மே மாதம் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள், சில விலக்குகளோடு, ஒழிக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்துவிட்டன. இன்றைய மருந்துகள் பழையவைபோல மண்ணில் நெடுங்காலம் கிடப்பதில்லை. மண்ணில் மக்கு குறைந்து மணல் அதிகமாக இருந்தால் இன்னும் சீக்கிரம் வீரியம் போகும். கடற்கரை மணலில் கட்டிய வீட்டுக்கும் மேட்டுச் செம்மண்ணில் கட்டிய வீட்டுக்கும் ஒரே ஆண்டுக் கணக்கு சொல்பவர் மண்ணைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

இப்போது லிட்டர் கணக்குக்கு வருவோம். ஏமாற்று அதிகம் நடப்பது இங்கேதான். பிடிப்பதும் இங்கேதான் எளிது.

கறையான் தடுப்புக்கு இந்தியத் தர நிர்ணயம் ஒன்று இருக்கிறது. ஐ.எஸ். 6313 என்று பெயர், மூன்று பாகம். கட்டட அமைப்பிலேயே தடுப்பது முதல் பாகம், கட்டும்போது மண்ணுக்கு மருந்து கொடுப்பது இரண்டாம் பாகம், கட்டி முடித்த வீட்டுக்கு மூன்றாம் பாகம். தளம் போடுவதற்கு முன் இறுக்கிய மண்ணின் மேல் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் கரைசல் விட வேண்டும். அஸ்திவாரத்தை ஒட்டி நிரப்பும் மண்ணுக்குச் சதுர மீட்டருக்கு 7.5 லிட்டர். பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் வீடு என்றால் தரைக்கு மட்டும் 500 லிட்டர். குளோர்பைரிபாஸ் 20 இ.சி. மருந்தை லிட்டர் தண்ணீருக்கு 50 மில்லி வீதம் கலக்க வேண்டும். அப்படியானால் தரைக்கு மட்டும் 25 லிட்டர் மருந்து தேவை. இமிடாகுளோப்ரிட் 30.5 எஸ்.சி. என்றால் லிட்டருக்கு 2.1 மில்லி, ஒரு லிட்டருக்குச் சற்று மேல் போதும். ஒரு கேனோடு வந்தவர் ஏமாற்றுகிறாரா என்பது அந்தக் கேனில் எந்த மருந்து இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால்தான் முதலில் லேபிள்.

கட்டி முடித்த வீட்டில் தரையும் சுவரும் சேரும் இடத்தில் 30 சென்டிமீட்டருக்கு ஒரு துளை, 12 மில்லிமீட்டர் அகலம், துளைக்கு ஒரு லிட்டர் வரை கரைசல். அதே பத்துக்குப் பத்து வீட்டின் சுற்றளவு 40 மீட்டர். துளைகள் 130க்கு மேல் வரும். கரைசலும் 130 லிட்டருக்கு மேல் வேண்டும். முதுகில் மாட்டும் 16 லிட்டர் ஸ்பிரேயரை எட்டு முறை நிரப்பித் தீர்த்து, ஒன்பதாவது முறையும் நிரப்ப வேண்டியிருக்கும். வந்தவர் இரண்டு முறை நிரப்பி வேலையை முடித்துவிட்டால், மீதி நூறு லிட்டர் எங்கே போனது என்று கேட்க யாருக்கும் பட்டம் தேவையில்லை. “அண்ணே, மொத்தம் எத்தனை துளை, எத்தனை லிட்டர், அதை மட்டும் பில்லுல எழுதிக் குடுத்துருங்க” என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுவது நல்லது. நேர்மையான ஆள் சந்தோஷமாக எழுதுவார். அவருக்கும் அது பாதுகாப்பு.

கலக்கும்போது பக்கத்தில் நிற்பதும் அவசியம். குளோர்பைரிபாஸைத் தண்ணீரில் விட்டதும் பால்போல வெளுத்துவிடும். வாளியில் ரப்பர் பால் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. பாதி மருந்து போட்டாலும் அதே வெள்ளைதான். நிறத்தை நம்பக் கூடாது, அளவு கப்பைத்தான் பார்க்க வேண்டும். கிணறு எங்கே இருக்கிறது, மழைநீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்று அவரே முதலில் கேட்கிறாரா என்பதும் ஒரு பரிசோதனை. இந்த மருந்துகளில் சில மீனுக்குக் கொடிய விஷம். ஓடையும் கடலும் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தீவில், மழை நாளில் மருந்து அடிக்க ஒத்துக்கொள்பவர் வீட்டுக்காரருக்கும் நல்லது செய்யவில்லை, ஊருக்கும் நல்லது செய்யவில்லை.

வேலை முடிந்ததும் கையில் ஒரு தாள் வரும். ஐந்து ஆண்டு உத்தரவாதம், பத்து ஆண்டு உத்தரவாதம் என்று மேலே பெரிய எழுத்தில் இருக்கும். புதுக் கட்டடம் கட்டும்போது செய்த வேலைக்குப் பத்து ஆண்டு சொல்வது வழக்கம். கட்டி முடித்த வீட்டுக்குச் செய்த வேலைக்கு ஒன்றிலிருந்து ஐந்து ஆண்டு. பெரும்பாலானோர் அந்த எண்ணை மட்டும் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். கட்சாலைப் பொறுத்தவரை அந்தத் தாளில் மிகக் குறைந்த மதிப்புள்ள விஷயம் அந்த எண்தான்.

உத்தரவாதம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வாக்குறுதிகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, கறையான் திரும்ப வந்தால் காசு வாங்காமல் மறுபடி மருந்து அடித்துத் தருகிறோம் என்பது. இன்னொன்று, கறையான் தின்ற கதவையும் சட்டத்தையும் எங்கள் செலவில் சரிசெய்து தருகிறோம் என்பது. இந்தியாவில் வீடுகளுக்குத் தரப்படும் தாள்கள் பெரும்பாலும் முதல் வகை. 'முழு உத்தரவாதம்' என்று வாயால் சொல்லிவிட்டு, தாளில் 'மறு சிகிச்சை மட்டும்' என்று எழுதியிருப்பார்கள். கதவு போனால் போனதுதான்.

மறுபடி அடித்துத் தருகிறோம் என்ற வாக்குறுதிக்காவது மதிப்பு உண்டா? அந்த ஆள் திரும்பி வந்தால்தான் உண்டு. நிக்கோபார் மாவட்டம் 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் காக்கப்பட்ட பகுதி. வெளியார் அனுமதிச் சீட்டு இல்லாமல் கால் வைக்க முடியாது. அது அந்த மக்களைக் காக்க இருக்கும் அவசியமான ஏற்பாடு. ஆகவே ஒவ்வொரு முறையும் மருந்தடிக்கும் ஆளுக்கு அனுமதி வேண்டும், கப்பலில் இடம் கிடைக்க வேண்டும், மழைக்காலக் கடல் விட்டுக்கொடுக்க வேண்டும். இதற்கான செலவு யாருடையது? தாளில் 'சேவை இலவசம்' என்று இருந்து, 'போக்குவரத்து வாடிக்கையாளர் பொறுப்பு' என்று கீழே பொடி எழுத்தில் இருந்தால், இரண்டு பேரின் கப்பல் கட்டணம், தங்கும் செலவு, நாள் கூலி எல்லாம் வீட்டுக்காரர் தலையில். எழுதாமலே விட்டிருந்தாலும் கடைசியில் அதே கதைதான். புகார் கொடுத்தால் எத்தனை நாளுக்குள் வருவோம், வருவதற்கு ஆகும் செலவு யார் தருவது — இந்த இரண்டு வரியும் கையெழுத்துக்கு மேலே இருக்க வேண்டும். இவற்றை எழுதித் தருபவரின் இரண்டு ஆண்டு உத்தரவாதம், எழுத மறுப்பவரின் பத்து ஆண்டைவிட எத்தனையோ மேல்.

விலக்குகள் என்ற பத்தியையும் பொறுமையாகப் படிக்க வேண்டும். வீட்டில் இடித்துக் கட்டும் வேலை செய்தால் செல்லாது, தண்ணீர் கசிந்தால் செல்லாது, மரம் மண்ணைத் தொட்டுக்கொண்டு நின்றால் செல்லாது, உலர்மரக் கறையானுக்கும் வண்டுக்கும் பொருந்தாது என்றெல்லாம் இருக்கும். பலவற்றில் நியாயம் இருக்கிறது. மருந்து விட்ட மண்ணைத் தோண்டிப் போட்டுவிட்டுக் கம்பெனியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 'இயற்கைச் சீற்றம்' என்ற இரண்டு சொல்லை நிக்கோபாரில் அப்படியே விட்டுவிடக் கூடாது. நில அதிர்ச்சி வரைபடத்தில் மிக ஆபத்தான மண்டலத்தில் இருக்கும் தீவுகள் இவை. 2004இல் நிலமே தாழ்ந்து கரையோரம் கடலுக்குள் போன இடம். சிறு அதிர்வுகள் அடிக்கடி வரும். ஒரு மில்லிமீட்டர் விரிசல் தரையில் விழுந்தால் கறையானுக்கு அது வாசல். நிலநடுக்கத்தால் விழுந்த விரிசல் வழியாக வந்த கறையானுக்கு உத்தரவாதம் உண்டா இல்லையா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். கம்பெனி மறுத்தால்கூட நஷ்டமில்லை. எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பதாவது தெளிவாகிவிடும்.

ஆண்டுச் சந்தா இன்னொரு கண்ணி. உத்தரவாதம் தொடர ஆண்டுதோறும் பரிசோதனைக் கட்டணம் கட்ட வேண்டும் என்று சில தாள்கள் சொல்லும். அந்தக் கட்டணம் ஏறுமா, எவ்வளவு ஏறும் என்று சொல்லாது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் இதுவே பெரிய விவகாரமானது. ஒரு பெரிய கம்பெனி கறையான் ஒப்பந்தம் வைத்திருந்த வீடுகளுக்குச் சந்தாவைக் கடுமையாக உயர்த்தியது, வேலையையும் சரியாகச் செய்யவில்லை என்ற புகார்களை அரசுத் தரப்பு விசாரித்தது. 2020 நவம்பரில் 6 கோடி டாலர் மதிப்புள்ள உடன்பாட்டில் அது முடிந்தது. 

கட்சால்வாசிக்கும் சட்டம் துணைக்கு இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது. கம்பெனி இருக்கும் ஊருக்குப் போய்தான் வழக்குப் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. புகார்தாரர் வசிக்கும் இடத்துக்குரிய ஆணையத்திலேயே போடலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணமே கிடையாது. இணையம் வழியாகப் பதியலாம், காணொலி மூலம் விசாரணைக்கு வர அனுமதி கேட்கலாம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் செய்துவிட வேண்டும். 1915 என்ற தேசிய உதவி எண்ணில் முதலில் பேசிப் பார்க்கலாம். 2020 ஆகஸ்டில் தொடங்கிய சென்னை – அந்தமான் கடலடிக் கேபிள் தொடும் தீவுகளில் பக்கத்துத் தீவான கமோர்ட்டாவும் ஒன்று. கட்சால் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் இணையப் புகாருக்குப் போர்ட் பிளேரில் இருக்கும் உறவுக்காரர் யாராவது கைகொடுக்க வேண்டிவரலாம்.

கம்பெனி வருவதற்கு முன்பே வீட்டுக்காரர் செய்துகொள்ளக்கூடியவையும் உண்டு. நிக்கோபாரி மக்களின் பழைய வீடுகள் ஆளுயரக் கால்களின் மேல் நிற்பவை. எலியும் பாம்பும் ஏறாதபடி அந்தக் கால்களில் வட்டத் தட்டு பொருத்துவார்கள். கறையானுக்கு எதிராகப் பொறியாளர்கள் சொல்லும் தகரத் தட்டும் ஏறக்குறைய அதே யோசனைதான். தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவே, நாலு பக்கமும் கொஞ்சம் வெளியே நீட்டிக் கீழ்நோக்கி வளைத்த தகரம். அது கறையானைக் கொல்லாது. ஆனால் மேலே ஏற வேண்டுமானால் தகரத்தைச் சுற்றி, வெளிச்சத்தில், கண்ணுக்குத் தெரியும்படி மண் குழாய் கட்டித்தான் ஏற வேண்டும். விறகை வீட்டோடு ஒட்டி அடுக்காமல் இருப்பது, பழைய ரப்பர் கட்டையைத் தோண்டி எடுப்பது, கூரைத் தண்ணீர் அஸ்திவாரத்தில் விழாமல் திருப்பிவிடுவது ஆகியவற்றுக்குக் காசு செலவில்லை.

மே மாதம் முதல் மழை இறங்கியதும், சாயங்காலம் விளக்கைச் சுற்றி ஈசல் பறக்கும். பிள்ளைகள் பாத்திரத்தில் தண்ணீர் வைத்துப் பிடிப்பார்கள். ஈசல் வெளியிலிருந்து விளக்கைத் தேடி வந்ததா, வீட்டுத் தரையிலிருந்தே கிளம்பியதா என்று அன்றைக்கே பார்த்துவிட வேண்டும். மறுநாள் காலையில் உள்ளறை மூலையிலோ நிலைக்கதவின் அடியிலோ சிறகுகள் குவிந்து கிடந்தால், வீட்டுக்குள்ளேயே கூட்டம் இருக்க வாய்ப்பு அதிகம். சுவரில் மண் கோடு இருந்தால் அதை முழுக்கத் துடைத்துவிடாமல் நடுவில் ஒரு அங்குலம் மட்டும் உடைத்து, சாக்பீஸால் தேதி எழுதி வைக்க வேண்டும். சில நாளில் உடைந்த இடத்தை ஈர மண்ணால் பூசியிருந்தால் உள்ளே கறையான் உயிரோடு இருக்கிறது. அந்தத் தேதியோடு ஒரு படம், பூசிய பிறகு ஒரு படம், உத்தரவாதத் தாளின் இரண்டு பக்கமும் படம், லேபிளின் படம், பில்லின் படம். ஐந்தையும் வாட்ஸ்அப்பில் கம்பெனிக்கு அனுப்பி, அப்படியே போர்ட் பிளேரிலோ தமிழ்நாட்டிலோ இருக்கும் சொந்தக்காரருக்கும் அனுப்பிவிட வேண்டும். தாளின் அசலை மர அலமாரியில் வைக்கக் கூடாது. காகிதமும் கறையானுக்கு மரம்தான். தகரப் பெட்டிக்குள், பிளாஸ்டிக் உறையில்.